ஊசி பிடித்த ரசிகர்களுக்காக

2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முறையாகக் காமிக் கான் என்ற ரசிகர் மாநாடு நடந்தது. திரைப்படப் பாத்திரங்களாகவும் காமிக்ஸ் பாத்திரங்களாகவும் உடுத்திக்கொண்டு இளைஞர்கள் வந்தார்கள். அப்போது தொடங்கி ஒரு பேச்சு என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. குடும்ப விசேஷங்களில் கேட்கிறேன். இலக்கியக் கூட்டம் முடிந்து டீ குடிக்க நிற்கும்போதும் கேட்கிறேன். சினிமாவைக் கரைத்துக் குடித்த நண்பர்களே அதைத்தான் சொல்கிறார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இந்த மூன்று தரப்பும் இதில் மட்டும் ஒரே குரலில் பேசுகிறது: பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியை வளர்ந்த பிறகும் விடாத கூட்டம் இது, எவரோ வடிவமைத்ததை அப்படியே நகலெடுப்பதில் என்ன படைப்பு இருக்கிறது, அமெரிக்கக் கம்பெனிக்குச் சம்பளம் வாங்காமல் விளம்பரம் செய்கிறார்கள், அந்தப் பணத்தையும் நேரத்தையும் உருப்படியான எதிலாவது போடலாம்.

இந்தக் கருத்து தவறு. வேடத்தைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, அவர்களுக்காக வாதாடவும் வரவில்லை. துணி எடுத்து, அளந்து, வெட்டி, தானே தைத்து, அதை உடுத்திக்கொண்டு பொதுவில் வந்து நிற்கிறவர்களைப் பற்றியே பேசுகிறேன். ஏளனம் செய்கிறவர்கள் இந்த இரு கூட்டத்தையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை. அவர்களுடைய தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நகல் என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைச் சொல்கிறவர்களில் ஒருவர்கூட ஒரு ரவிக்கையைத் தானே வெட்டித் தைத்தவராக இருந்து நான் பார்த்ததில்லை. தைத்திருந்தால் இந்த வார்த்தையை இவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். திரையில் நமக்குத் தெரிவது உடையின் மேல்தோற்றம் மட்டும்தான். அதன் வெட்டு தெரியாது. தோள்பட்டைத் தையல் எங்கே முடிகிறது, டார்ட் எங்கே பிடித்திருக்கிறார்கள், உள்ளே கான்வாஸ் வைத்திருக்கிறார்களா, துணியை நேராக வெட்டினார்களா கிராஸாக வெட்டினார்களா, கொக்கியா ஜிப்பா, இவை எதையும் படம் சொல்லாது. பாத்திரம் திரும்பும் அரை நொடியில் முதுகுப்பக்கம் தெரிந்தால் அதிர்ஷ்டம். அந்த அரை நொடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, துணி விழும் விதத்தை வைத்து அதன் எடையை ஊகித்து, ஒரு தட்டையான பிம்பத்திலிருந்து முழு உருவமுள்ள உடையை மீட்டெடுக்க வேண்டும். இதற்கு நகலெடுப்பது என்று பெயர் வைப்பது அநியாயம். எனக்குத் தெரிந்து ஒரு திரைப்படத்தை இவ்வளவு நெருங்கி வாசிக்கிற வேறு வாசகர் கிடையாது. விமர்சகர்கள் உட்பட.

ஒரு உடையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1939இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் டோரதி அணியும் நீலமும் வெள்ளையுமான கட்டம் போட்ட பினோஃபோர். வடிவமைத்தவர் ஏட்ரியன். பார்ப்பதற்குப் பள்ளிச் சிறுமியின் சாதாரணக் கவுன். தைக்க உட்கார்ந்தால்தான் அதன் சிரமம் தெரியும். முதல் சிக்கல் கட்டம். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் கட்டத்தின் கோடு உடையாமல் தொடர வேண்டும் என்றால், ஒவ்வொரு துண்டையும் கட்டம் பார்த்தே வெட்ட வேண்டும், துணியும் கூடுதலாக வாங்க வேண்டும். கட்டம் எவ்வளவு பெரியது என்பது அடுத்த சிக்கல். திரையில் சரியாகத் தெரிகிற அளவு, அணிந்து நேரில் நின்றால் பெரிதாகிவிடும். எல்லாவற்றையும் விடச் சுவையான சிக்கல் உள்ளே அணியும் சட்டை. திரையில் அது வெள்ளையாகத் தெரிகிறது. உண்மையில் அந்தத் துணி வெளிர் இளஞ்சிவப்பு. டெக்னிகலர் ஒளிப்பதிவில் தூய வெள்ளை சரியாக வராது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். இப்போது அந்த உடையைத் தைக்கப்போகும் பெண் எதைத் தைக்க வேண்டும்? ரசிகர்கள் கண்ணால் பார்த்த வெள்ளையையா, படப்பிடிப்புத் தளத்தில் இருந்த இளஞ்சிவப்பையா? பார்வையாளரின் நினைவுக்கு உண்மையாக இருப்பதா, பொருளுக்கு உண்மையாக இருப்பதா? இப்படி ஒரு கேள்வி எழுகிற இடத்தில் படைப்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை. ஒரு கால் மீட்டர் துணி வாங்கப் போகிற இடத்தில் அந்தப் பெண் முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த உழைப்பின் தரத்துக்கு வெளியிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் வெள்ளைக் கவசப் படைவீரர் வேடத்தைத் தாங்களே செய்து அணிகிறவர்களின் சங்கம் ஒன்று 1997இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆல்பின் ஜான்சன் என்பவர் தொடங்கிய 501ஆவது லீஜன். இன்று உலகம் முழுவதும் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. அதில் சேருவது எளிதல்ல. ஒவ்வொரு உடைக்கும் எழுதி வைத்த வரையறை உண்டு. பட்டையின் அகலம் வரை பார்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். முதல் படத்துக்காகச் செய்த தலைக்கவசத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் சரிசமமாக இல்லை என்பதைக் கண்டுபிடித்து, அந்தக் கோணலையும் சேர்த்தே செய்கிறவர்கள் இவர்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் வந்த ‘தி மாண்டலோரியன்’ தொடரின் முதல் பருவத்தை எடுத்தபோது ஒரு காட்சிக்குப் போதுமான கவசங்கள் படக்குழுவிடம் இல்லை. யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? இந்த ரசிகர்களைத்தான். தங்கள் வீட்டில் செய்த கவசத்தை அணிந்துகொண்டு வந்து படமெடுக்கும் கருவிக்கு முன்னால் நின்றார்கள். 2019இல் வெளியான அந்தக் காட்சியை ரசித்தவர்களில் எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும்?

அப்படியே நகல் என்று வைத்துக்கொண்டாலும், நகல் என்பதற்காகக் கலையைத் தள்ளிவைக்கும் பழக்கம் நமக்கு எப்போது வந்தது? தியாகராஜர் இயற்றிய கீர்த்தனையைப் பாடுகிறவரைப் பார்த்து அடுத்தவர் சரக்கை எடுத்துப் பாடுகிறார் என்று யாரும் சொல்வதில்லை. சுவாமிமலை ஸ்தபதி இன்னொரு நடராஜரை வார்க்கும்போது, சோழர் காலத்திலேயே வார்த்தாயிற்றே, நீ புதிதாக என்ன செய்துவிட்டாய் என்று கேட்பதில்லை. கொடுக்கப்பட்ட வடிவத்துக்குள் நின்று கைத்திறனைக் காட்டுவதுதான் நம் கலைகளில் பாதி. பாட்டுக்கும் வெண்கலத்துக்கும் தருகிற அந்த மரியாதையை நூலுக்கும் துணிக்கும் மட்டும் ஏன் தர மறுக்கிறோம்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். ஏளனத்தின் குறி வேடம்போலத் தெரியலாம். உண்மையில் அது தையல்மேல் விழுகிற ஏளனம். தையல் நம் கண்ணுக்கு ஒருபோதும் கலையாகத் தெரிந்ததில்லை. வேறு வழியில்லாதவர்கள் செய்யும் வேலையாகத்தான் தெரிகிறது. தமிழ்நாடு அரசு ஆதரவற்ற பெண்களுக்கும் கணவனை இழந்தவர்களுக்கும் இலவசமாகத் தையல் இயந்திரம் கொடுக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் நடக்கும் நல்ல திட்டம் அது, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனால் அந்த இயந்திரத்தோடு சேர்த்துச் சமூகம் ஒரு முத்திரையும் குத்திவிட்டது. தையல் என்றால் துன்பத்தில் கைகொடுப்பது. துன்பமே இல்லாத பெண் ஒருத்தி, நல்ல சம்பளத்தில் இருக்கிறவள், மகிழ்ச்சிக்காக இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் அது நமக்கு விளங்குவதில்லை. பையன் உட்கார்ந்தால் சொல்லவே வேண்டாம். உலகத்துக்கெல்லாம் பனியனும் டி-சர்ட்டும் தைத்து அனுப்பும் திருப்பூரை வைத்துக்கொண்டிருக்கும் நாட்டில், ஊசியில் நூல் கோக்கும் ஆணைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

என் அக்கா மகள் ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தில் இளவரசி லேயா அணியும் வெள்ளை அங்கியைத் தைத்தாள். உயர்ந்த கழுத்து, தரையைத் தொடும் நீளம், தலையை மூடும் முக்காடு. எளிமையான உடைதான் என்று தொடங்கினாள். முதலில் காடா துணியில் மாதிரி தைத்துப் பார்த்தபோது முக்காடு கண்ணை மறைத்தது. பிரித்துத் தைத்தால் பின்னால் சரிந்து விழுந்தது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் தையல்கடைக்கு அவளைக் கூட்டிப் போனேன். அந்தப் படத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத தையல்காரர் கைபேசியை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. “தோள் எங்கம்மா முடியுது இதுல?” என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி. முக்காட்டின் பாரம் எங்கே உட்கார்கிறது என்பது தோளைப் பொறுத்தது. “கழுத்தோட சேர்த்துத் தைக்காத பாப்பா, தோள்ல ஏத்தி வை” என்று சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினார். அதே வாரம் வீட்டுக்கு வந்த உறவினர், பேராசிரியர், அந்த அங்கியைப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் போட்டுக்கிட்டு எங்கே போகப் போறே?” என்று கேட்டார். வேலையைத் தெரிந்தவருக்கு வேலை தெரிந்தது.

இந்த அலட்சியம் நம் ஊரோடு நிற்பதில்லை. இந்தப் பழக்கம் பிறந்த இடத்திலேயே அது நடந்திருக்கிறது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஃபாரெஸ்ட் ஏக்கர்மன் என்ற இளைஞரும் மிர்டில் டக்ளஸ் என்ற பெண்ணும் எதிர்கால மனிதர்களைப் போன்ற உடையில் வந்தார்கள். 1936இல் வெளியான ‘திங்ஸ் டு கம்’ திரைப்படம் அந்த உடைகளுக்குத் தூண்டுதல்களில் ஒன்று. மறு ஆண்டு சிகாகோ மாநாட்டில் மாறுவேடப் போட்டியே வைத்துவிட்டார்கள். வேடமணிந்து மாநாட்டுக்கு வரும் வழக்கம் அங்கிருந்துதான் வேர் பிடித்தது. ஏக்கர்மன் பெயர் பல பத்தாண்டுகளுக்குப் புகழோடு விளங்கியது. இத்துறையின் தந்தை என்றே அவரை அழைத்தார்கள். அந்த இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தது யார்? மிர்டில் டக்ளஸ். ரசிகர் வட்டத்தில் மொரோஜோ என்று அறியப்பட்டவர். உடுத்திக்கொண்டவரை வரலாறு நினைவு வைத்தது, தைத்தவரை மறந்தது. அவர் 1964இல் இறந்துபோனார். அவருக்கு உரிய இடத்தை ரசிகர்களும் ஆய்வாளர்களும் பேசத் தொடங்கியது மிகவும் பிந்தித்தான்.

நம் பக்கம் பாருங்கள். ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் யார் என்று பத்துப் பேரைக் கேளுங்கள். சத்யஜித் ராய் என்பார்கள், ஏ. ஆர். ரகுமான் என்பார்கள். பானு அத்தையா என்று சொல்கிறவர் கிடைத்தால் அபூர்வம். கோலாப்பூரில் பிறந்த அவர் ‘காந்தி’ படத்தின் உடையலங்காரத்துக்காக 1983இல் அந்த விருதைப் பெற்றார். அதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் ஜான் மோலோ. அதே ஜான் மோலோதான் ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்துக்கு உடைகளை வடிவமைத்து 1978இல் ஆஸ்கர் வென்றவர். என் அக்கா மகள் தைத்த அங்கியும் அவர் கைவண்ணம்தான். விண்வெளி இளவரசியின் அங்கியையும் காந்தியைச் சுற்றி நிற்கும் மனிதர்களின் உடையையும் ஒரே கலைஞர் யோசித்திருக்கிறார். நமக்கு ஒன்று உயர்ந்த கலை, இன்னொன்று குழந்தை விளையாட்டு. அவருக்கு அந்தப் பாகுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

தமிழ்த் திரைப்படத்தையே எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். பாலாவின் ‘பரதேசி’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூலித் தொழிலாளிகளின் முரட்டுத் துணி நினைவில் இருக்கும். உடலை உறுத்துகிற அந்தத் துணிதான் பாதிக் கதையைச் சொல்லிவிடும். அதற்காக 60ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த உடையலங்காரத்துக்கான விருதைப் பெற்றவர் பூர்ணிமா ராமசாமி. ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகங்களுக்கும் உடை வடிவமைத்தவர் ஏகா லக்கானி. குந்தவையும் நந்தினியும் முதன்முதலில் எதிரெதிரே நிற்கும் காட்சியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள். அந்தக் காட்சியில் பாதி வேலையைச் செய்தது உடை என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? இந்தப் பெயர்களை அறிந்து, அவர்கள் செய்ததைத் துணி துணியாகப் பிரித்துப் பார்க்கிற ஒரு கூட்டம் உண்டு என்றால் அது வேடம் தைக்கிற இந்த ரசிகர்கள்தான். அவர்களைப் போய்ச் சினிமாவை மேலோட்டமாக ரசிக்கிறவர்கள் என்கிறோம்.

ரசிகன் என்ற பாத்திரத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். முதல் நாள் முதல் காட்சிக்கு எந்த விலை கொடுத்தும் டிக்கெட் வாங்குவது, கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்வது, பேனர் கட்டுவது, இவற்றைக் கண்டித்தாலும் நம் சமூகம் இவற்றோடு வாழப் பழகிவிட்டது. இதெல்லாம் நடிகருக்குச் செய்வது. ரசிகன் அங்கே கூட்டத்தில் ஒரு தலை, அவன் கையில் எந்தத் திறமையும் சேர்வதில்லை. வேடம் தைக்கிறவர் நடிகரைக் கும்பிடவில்லை. ஒரு பாத்திரத்தைத் தன் கையால் திரும்பச் செய்து பார்க்கிறார். வேலை முடியும்போது அவருக்குப் பட்டி அடிக்கத் தெரிகிறது, காஜா எடுக்கத் தெரிகிறது, ஃபோம் ஷீட்டைச் சூடுகாட்டி வளைத்து மார்புக்கவசம் செய்யத் தெரிகிறது. இந்த இரண்டில் எது முதிர்ச்சியற்றது? குழந்தைத்தனம் என்ற சொல்லுக்கு இதற்கு மேல் பதில் சொல்லத் தேவையில்லை.

கம்பெனிக்கு இலவச விளம்பரம் என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. அதைச் சொல்கிறவர்கள் பலர் நான் மதிக்கிறவர்கள். இந்த மாநாடுகள் வியாபாரம்தான். உள்ளே நுழையக் கட்டணம், உள்ளே வரிசையாகக் கடைகள், பொம்மைக்கும் சட்டைக்கும் வைத்திருக்கிற விலை எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த வளாகத்தில் கம்பெனியின் கல்லாவுக்குப் பணம் போகாத பொருள் ஒன்று உண்டென்றால் அது வீட்டில் தைத்த உடை. உரிமம் பெற்ற ஆயத்த வேடத்தை வாங்கினால் பணம் அமெரிக்காவுக்குப் போகும். தானே தைத்தால் கோடவுன் தெருவில் துணி எடுத்த கடைக்கும், சவுகார்பேட்டையில் லேஸும் பொத்தானும் வாங்கிய கடைக்கும், ஓவர்லாக் அடித்துத் தந்த தெருமுனைக் கடைக்கும் போகும். நுகர்வுப் பண்பாட்டை எதிர்க்கிறவர்கள், வாங்காமல் செய்கிற மனிதரைப் பார்த்தால் தட்டிக்கொடுக்க வேண்டாமா? கதை கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கலாம். தையல் இவருக்குச் சொந்தம்.

சட்டம்கூட இந்த எல்லையை யோசித்திருக்கிறது. முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்குத் தலைக்கவசங்களை வார்த்துக் கொடுத்த ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த், பிற்காலத்தில் அதே கவசத்தைச் செய்து விற்றபோது லூகாஸ்ஃபில்ம் வழக்குத் தொடுத்தது. 2011இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அந்தத் தலைக்கவசம் சிற்பம் ஆகாது, படத்துக்குப் பயன்பட்ட ஒரு பொருள், எனவே அந்நாட்டுச் சட்டப்படி சிற்பத்துக்குரிய காப்புரிமை அதற்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தது. அது விற்பனை பற்றிய வழக்கு. விற்காமல், தான் அணிவதற்காக மட்டும் தைக்கிறவரைத் திருடர் என்பது போல் பேசுவது அதைவிட எவ்வளவோ தூரம் தள்ளி நிற்கிறது. 501ஆவது லீஜன்காரர்கள் அந்தக் கவசத்தோடு மருத்துவமனைகளுக்குப் போய்க் குழந்தைகளைப் பார்க்கிறார்கள், அறப்பணிகளுக்கு நிதி திரட்டித் தருகிறார்கள். சங்கத்தைத் தொடங்கிய ஜான்சனின் சிறுமகள் மூளைப் புற்றுநோயால் அவதிப்பட்டபோது, அவளுக்குத் துணையிருக்க இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு ரோபோவை உருவாக்க ரசிகர்கள் முன்வந்தார்கள். அவள் 2005இல் இறந்தாள். அந்த ரோபோ 2015இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தில் இடம்பெற்றது. விளம்பரம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இதையெல்லாம் அடைக்க முடியாது.

மேல்நாட்டு மோகம் என்கிறார்கள். வேடம் கட்டுவதை நமக்கு எவரும் கப்பலில் அனுப்பவில்லை. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதமிருந்து, காளியாக, ராஜாவாக, குரங்காக, போலீஸ்காரராக, பிச்சைக்காரராக வேடமிட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி வருகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். தெருக்கூத்துக் கலைஞர்கள் எடை குறைந்த மரத்தில் கிரீடமும் தோளணியும் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டி, விளக்கு வெளிச்சத்தில் அது எப்படி மின்னும் என்று கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். இவையும் காமிக் கான் வேடமும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். குலசேகரன்பட்டினத்தில் வேடம் என்பது நேர்த்திக்கடன், கூத்தில் அது தொழிலும் வழிபாடும். ரசிகரின் வேடத்துக்கு அந்தப் புனிதம் கிடையாது, அது அதற்குத் தேவையுமில்லை. ஆனால் இன்னொருவராக உடுத்திக்கொண்டு ஊர் நடுவே வந்து நிற்பது நம் மண்ணுக்கு அந்நியம் என்று சொல்கிறவர், தென்மாவட்டத்துக்கு ஒரு புரட்டாசியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். அயல்நாட்டுப் பாத்திரங்களாகவே தைக்கிறார்களே என்ற குறையில் மட்டும் எனக்கு உடன்பாடு உண்டு. வந்தியத்தேவனின் உடையை, நந்தினியின் கொண்டையை, ‘எந்திரன்’ சிட்டியின் உலோக உடம்பை எடுத்துச் செய்ய இங்கே கை இருக்கிறது. அதற்கு வழி ஊக்கம் கொடுப்பதுதானே தவிர, தைக்கிறவர்களைத் துரத்துவது அல்ல.

இன்னொரு ஏளனம் இருக்கிறது. இதை யாரும் கட்டுரையாக எழுத மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். இந்த நிறத்துக்கு அந்த வேடமா, இந்த உடம்புக்கு அந்த உடையா என்று. இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆயத்த வேடம் மூன்று நான்கு அளவுகளில் வரும், அதற்குள் நம்மைத் திணித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் தைப்பது அளவு நாடாவில் தொடங்குகிறது. என் மார்பளவு, என் இடுப்பளவு, என் தோள். உடலை அளந்து, அதற்கேற்பத் துணியை மாற்றுகிறோம், உடலை மாற்றுவதில்லை. திரையில் ஐரோப்பிய முகம் ஒன்றுக்கு அளந்த பாத்திரத்தைக் கறுத்த, பருத்த, குட்டையான தமிழ்ப் பெண் ஒருத்தி தன் அளவில் வெட்டித் தைத்து உடுத்துவது, அந்தக் கதையில் தனக்கு இடம் எடுத்துக்கொள்வது. சென்னை வெயிலுக்கு அங்கே கம்பளியாக இருந்ததை இங்கே பருத்தியாக மாற்றுகிறாள், லைனிங்கை நீக்குகிறாள். அதுவும் அவள் எடுக்கும் முடிவுதான். அப்படி நிற்கிறவளை அனுமதி கேட்காமல் தொடுகிற, படமெடுக்கிற கைகளும் இந்த மாநாடுகளில் உண்டு. வேடம் அணிந்திருப்பது சம்மதம் ஆகாது என்று நியூயார்க் காமிக் கான் 2014இலேயே வாசலில் பலகை வைத்தது. நம் ஊர் மாநாடுகளின் ஒவ்வொரு வாசலிலும் அது பெரிய எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும்.

ஏளனம் உள்ளேயிருந்தும் வருகிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. தேர்ந்த கைக்காரர்கள் சிலர், ஊக்கு குத்தி, ரப்பர் பசை தடவி, யோகா பாயை வெட்டி ஒட்டிக்கொண்டு வரும் பையனைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். அது தவறு. அவனுக்கு இருக்கும் காசும் இடமும் அவ்வளவுதான். தொழில்முறை வடிவமைப்பாளர்களே கிடைத்ததை வைத்துத்தான் பல நேரம் வேலை செய்திருக்கிறார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ‘அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்’ படத்தில் பத்மேயின் திருமண உடையை ட்ரிஷா பிகர் பழைய இத்தாலியப் படுக்கை விரிப்பு ஒன்றிலிருந்துதான் உருவாக்கினார். ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் ஸ்கார்லெட்டுக்காக ஜன்னல் திரைச்சீலையிலிருந்து தைக்கப்படும் பச்சை வெல்வெட் கவுன் கதையிலேயே வருகிறது. யோகா பாயும் அந்த வரிசையில் வந்து உட்காரத் தகுதியுள்ளதுதான்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு முறை உடுத்தும் கல்யாணப் பட்டுக்கு நாம் செய்யும் செலவை வைத்துக்கொண்டு இன்னொருவர் வாங்கிய காடா துணிக்குக் கணக்குக் கேட்பது நமக்குப் பொருந்தாது.

எனவே சிலரிடம் நேரடியாகச் சில கோரிக்கைகள். மாநாடு நடத்துகிறவர்களே, கையால் செய்த வேடத்துக்குத் தனிப்பிரிவு வையுங்கள். நடுவர் குழுவில் நடிகர்களோடு ஒரு தையல்காரரையும் உட்கார வையுங்கள், உடையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்க அவருக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடங்களே, மாறுவேடப் போட்டிக்கு வாடகைக் கடையில் எடுத்த வேடத்துக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். பிள்ளை தன் கையால் ஒரு தையலாவது போட்டிருக்க வேண்டும் என்று விதி வையுங்கள், ஆண்பிள்ளைக்கும் சேர்த்து. பெற்றோர்களே, இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் மகனை எழுப்பாதீர்கள். பத்திரிகை நண்பர்களே, வேடமணிந்தவரின் படத்தைப் போடும்போது பாத்திரத்தின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். தைத்தவர் பெயரைக் கேட்டு வாங்கி, படத்தின் கீழே அச்சிடுங்கள்.